தெரியாது என்று சொன்ன குரல்

ஜூன் 9

தம்பிக்கு,

உன் முகவரியை அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். கொஞ்ச நேரம் பிகு பண்ணிவிட்டுத்தான் கொடுத்தாள். போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். கடிதத்தைத் தடுக்கும் பொத்தானை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வேண்டுமானால் கிழித்துப் போடு. கிழிப்பதற்கு முன் பிரித்துப் படித்துவிடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு.

நடந்ததை நடந்தபடி முதலில் எழுதிவிடுகிறேன். கிரேன் ஓட்டும் வேலைக்கு உன்னைத் தேர்ந்தெடுத்த கம்பெனியிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்குப் போன் செய்தாள். "உங்க தம்பிக்கு எப்பவாவது மயக்கம் வந்திருக்கா?" என்று கேட்டாள். "வந்திருக்கு. ஒரு தடவை குளியலறையில விழுந்தான். இன்னொரு தடவை பஸ்ஸுக்கு நிக்கும்போது" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். மறுநாளே உனக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. நீ பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "இனிமே நீ எனக்கு அக்கா இல்ல, சாட்சி" என்றாய். அந்த ஒரு சொல் இன்னும் குத்துகிறது.

ஏன் சொன்னேன் என்று நீ கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

முதுகு வலிக்காக நான் யோகா வகுப்பில் சேர்ந்தது உனக்குத் தெரியும். டீச்சர் என்னைவிடப் பத்து வயது சின்னவள். பகலில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்காருகிறாள், காலையில் எங்களைப் படுத்தி எடுக்கிறாள். முதல் நாள் குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னாள். எனக்கு எட்டவில்லை. யாரும் பார்க்காதபோது முட்டியை லேசாக மடக்கித் தொட்டுவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து, "அக்கா, எட்டலைன்னா எட்டலைன்னே இருங்க. தொட்ட மாதிரி நடிச்சா முதுகு நம்பிடாது" என்றாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் விளக்கினாள். யோகம் உடம்பை வளைப்பதில் தொடங்குவது இல்லையாம். அதற்கு முன்னால் யமம் என்று ஐந்து ஒழுக்கங்கள் இருக்கின்றன. முதலாவது அகிம்சை, இரண்டாவது சத்தியம். ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம், வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு பொய்யையும் கவனிக்க மட்டும் செய்யுங்கள் என்றாள். கவனித்தேன். வீட்டில் உட்கார்ந்துகொண்டே "கிளம்பிட்டேன்" என்கிறேன். எரிச்சலில் இருக்கும்போது "நல்லா இருக்கேன்" என்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவின் பாட்டை "உருக்கமா இருக்கு" என்கிறேன். ஒரு நாளில் இத்தனையா என்று எனக்கே கூச்சமாகிவிட்டது.

அந்த வாரத்தில்தான் நர்ஸ் போன் செய்தாள். அவ்வளவு உயரத்தில் கிரேன் கூண்டுக்குள் நீ மயங்கி விழுந்தால் என்ற படம் என் கண்ணில் ஓடியது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

கோபமாகவாவது ஒரு வரி எழுது.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்துவிட்டுப் படித்தேன். போனில் பேசினால் கத்துவேன், அதனால் எழுதுகிறேன்.

முதலாவது அகிம்சை, இரண்டாவது சத்தியம் என்று நீயே எழுதியிருக்கிறாய். முதல் படியைத் தாண்டி இரண்டாவதில் குதித்துவிட்டாயே, அதற்கு உன் டீச்சர் என்ன பெயர் வைத்திருக்கிறாள்? நான் அப்போது பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "டேய், இப்படிக் கேக்கறாங்க, இதைத்தான் சொல்லப் போறேன்" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நானே போனை வாங்கிச் சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லியிருக்க மாட்டேன் என்றே வைத்துக்கொள். அந்த வாய்ப்பையாவது எனக்குக் கொடுத்திருக்கலாம். என் உடம்பைப் பற்றிய உண்மையை என் முதுகுக்குப் பின்னால் சொன்னாய்.

இன்னொன்று. ரயில் நிலையத்தில் உன் வேலையே பொய் சொல்வதுதானே. "வண்டி இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்." அந்தத் தேன் குரலை நம்பி டீ குடிக்கப் போகாமல் எத்தனை தடவை கால் கடுக்க நின்றிருக்கிறேன் தெரியுமா? பக்கத்தில் நிற்பவர்கள் உன்னைத் திட்டுவார்கள். அது என் அக்கா என்று சொல்ல முடியாமல் நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். வீட்டில் தம்பி விஷயத்தில் சத்தியம், மைக்கில் ஊரைக் கூட்டி வைத்துப் பொய். நன்றாக இருக்கிறது உன் யோகா.

இங்கே ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. அறையில் என்னோடு ஒருவன் இருக்கிறான், மீசை என்று எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்.

தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

உன் கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுபோய் டீச்சரிடமே காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "உங்க தம்பிதான் பாடத்தை ஒழுங்காப் படிச்சிருக்காரு" என்றாள். உண்மையைச் சொன்னது சரி, அதைச் சொன்ன வழி தப்பு என்றாள். அதை ஒப்புக்கொள்கிறேன். உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டிருந்தாலும் பொய் சொல்லியிருக்க மாட்டேன், அதையும் சேர்த்தே எழுதுகிறேன். பாதியை மட்டும் எழுதினால் அதுவும் நடிப்பாகிவிடும்.

மைக்கைப் பற்றி நீ எழுதியதுதான் சுருக்கென்று தைத்தது.

என் அறையை நீ பார்த்ததில்லை. ஜன்னல் கிடையாது. ஒரு திரை, ஒரு மைக், கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு போன், முதுகு சாயாத ஒரு நாற்காலி. இத்தனை வருடங்களில் நான் யாரிடம் பேசுகிறேன் என்று ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ பொய் அவ்வளவு சுலபமாக வந்திருக்கிறது.

போன வாரம் காலை வண்டி தாமதமானது. கட்டுப்பாட்டு அறையைக் கேட்டேன். "எப்ப வரும்னு எங்களுக்கே தெரியல, வழக்கம்போல சற்று நேரத்துலன்னு போட்டுடுங்க" என்றார்கள். பொத்தானை அமுக்கினேன். வாய் தானாக அந்த வாக்கியத்துக்குத் தயாரானது. நிறுத்திக்கொண்டேன். பிறகு இப்படிச் சொன்னேன்:

"பயணிகள் கவனத்திற்கு. காலை வண்டி முந்தின நிலையத்திலிருந்து இன்னும் கிளம்பவில்லை. எப்போது கிளம்பும் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவுடன் சொல்கிறேன். டீ குடிக்க நேரம் இருக்கிறது."

சொல்லி முடித்து மைக்கை அணைத்தேன். அடுத்த நொடி கதவு திறந்தது. எங்கள் நிலைய மேலாளரைக் கடுகு என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், சூடு பட்டவுடன் வெடிப்பார். "ஏம்மா, மைக்குல தெரியாதுன்னு சொன்னா இந்த நிலையத்துக்கு என்ன மரியாதை?" என்றார். "தெரியாதே சார்" என்றேன். "தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஊருக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார்.

ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு நாளும் அப்படியே சொல்கிறேன். பத்து நிமிடம் என்று தெரிந்தால் பத்து நிமிடம், தெரியாவிட்டால் தெரியாது. டீக்கடைக்காரர் ஒருநாள் வழிமறித்து, "நீங்கதான் அந்தக் குரலா? இப்பல்லாம் உங்களை யாரும் திட்டறதில்லைம்மா, கடைக்கு வந்து உக்காந்துடறாங்க" என்றார்.

உன் வாய்க்கு நன்றி. நீ குத்தாமல் இருந்திருந்தால் எனக்கு உறைத்திருக்காது.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

டீ குடிக்க நேரம் இருக்கிறது என்று மைக்கில் சொன்னாயா? மீசைக்குப் படித்துக் காட்டினேன். உருண்டு உருண்டு சிரித்தான்.

நானும் ஒருநாள் உன் விளையாட்டை ஆடிப் பார்த்தேன். காலையில் தாமதமாகப் போனேன். மேற்பார்வையாளர் "என்னப்பா, பஸ் வரலையா?" என்றார். அவரே பொய்யை எடுத்து நீட்டுகிறார், நான் வாங்கிக்கொண்டால் போதும். "பஸ் வந்துச்சு சார், நான்தான் தூங்கிட்டேன்" என்றேன். திட்டுவதற்கு வைத்திருந்த எல்லாமே பஸ்ஸைப் பற்றித்தான் போலிருக்கிறது. "சரி, போ" என்றார். அன்று முழுவதும் எனக்கு உடம்பு லேசாக இருந்தது. மத்தியானம் மீசை தன் சமையல் எப்படி என்று கேட்டான். அங்கே என் சத்தியம் முடிந்துவிட்டது. அவன் கையில் கரண்டி இருந்தது.

வேலை நன்றாகப் போகிறது. அலமாரிகள் மூன்று மாடி உயரம். ஒரு கூண்டில் ஏற்றி மேலே அனுப்புவார்கள், பெட்டிகளை எடுத்துக் கீழே இறக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிகிறார்கள். எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன்.

உன் மேல் இருக்கும் கோபம் முழுதாகப் போகவில்லை. பாதி போயிருக்கிறது. மிச்சப் பாதியையும் மறைக்காமல் எழுதிவிட்டேன், பார்த்தாயா.

தம்பி


செப்டம்பர் 6

தம்பிக்கு,

என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வண்டிக்காக நம் நிலையத்தில் நின்றிருக்கிறார். நான், "சிக்னல் பழுதாகியிருக்கிறது, சரி செய்ய ஆள் இன்னும் வரவில்லை" என்று அறிவித்தேன். அது அவருடைய பிரிவின் பழுது. மறுநாள் கடுகு என்னைக் கூப்பிட்டார். வெடிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இனிமே கம்ப்யூட்டர் குரல் பேசட்டும்மா. நீங்க தொலைந்த பொருள் அறையைப் பாருங்க" என்றார்.

இப்போது என்னைச் சுற்றி நூறு குடைகள். ஒற்றைச் செருப்புகள். ஒரு பல்செட். ஓர் ஊன்றுகோல்கூட இருக்கிறது, அதை மறந்துவிட்டு அந்த மனிதர் எப்படி நடந்து போனார் என்று தினமும் யோசிக்கிறேன். ஒலிபெருக்கியில் கம்ப்யூட்டர் பெண் "சற்று நேரத்தில், சற்று நேரத்தில்" என்று பாடிக்கொண்டே இருக்கிறாள். கேட்கும்போதெல்லாம் காது கூசுகிறது.

டீச்சரிடம் போய் அழுதேன். சத்தியத்தைக் கடைப்பிடித்தேன், கிடைத்தது இதுதான் என்றேன். சத்தியத்தில் ஊன்றி நின்றவர் சொல்லுக்குப் பின்னால் செயல் தானாக வரும் என்று பழைய யோகிகள் சொல்லியிருக்கிறார்களாம், அதை அவளே முன்பு சொல்லித் தந்திருந்தாள். "எங்கே வந்துச்சு செயல்? என் சொல்லே போயிடுச்சே" என்று கேட்டேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எனக்குத் தெரியலக்கா. நானும் அதை நம்பித்தான் இருக்கேன், பார்த்ததில்ல" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் வகுப்பை விட்டிருப்பேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். கூண்டில் ஏறி மேலே போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு மயக்கம் வருவது அங்கே யாருக்காவது தெரியுமா? நான் யாருக்கும் போன் செய்ய மாட்டேன், யாரிடமும் சொல்ல மாட்டேன். உன்னிடம் மட்டும் கேட்கிறேன். "நன்றாக இருக்கிறேன்" என்று நீ எழுதிய வரியில் கையெழுத்து மட்டும் திடீரென்று அழகாக இருந்தது.

அக்கா


செப்டம்பர் 25

அக்காவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது எரிச்சல்தான் வந்தது. பதில் எழுத வேண்டாம் என்று இருந்தேன். போன திங்கட்கிழமை கூண்டில் மேலே இருந்தபோது காதுக்குள் இரைச்சல் கேட்டது, கண்ணின் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை. கீழே இறக்கச் சொன்னேன். என் கையில் இருந்த பெட்டி மட்டும் விழுந்தது. மீசை நின்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில்.

அது அவன் தலையில் விழுந்திருந்தால் என்று இன்றுவரை நினைக்கிறேன். என் உடம்பைப் பற்றிய உண்மை எனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தேன். இல்லை.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். "என்ன ஆச்சு, கை வழுக்கிடுச்சா?" என்றார் மேற்பார்வையாளர். மறுபடியும் அவரே எடுத்து நீட்டுகிறார். "வழுக்கல சார். எனக்கு மயக்கம் வரும். முன்னாடியும் வந்திருக்கு. சேரும்போது மறைச்சிட்டேன்" என்றேன். வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "இப்பவாவது சொன்னியே" என்றார். கீழே பெட்டிகளில் பெயர்ச் சீட்டு ஒட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார், டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அன்று சாயங்காலம் மீசை என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, தனக்குப் பெட்டியில் இருக்கும் சின்ன எழுத்து தெரிவதில்லை, இத்தனை நாள் குத்துமதிப்பாக எடுத்து வைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். நாளைக்கு அவனும் போய்ச் சொல்லப் போகிறானாம்.

இங்குள்ள டாக்டர் உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். போவேன். எப்போது என்று தெரியாது.

தம்பி


அக்டோபர் 18

தம்பிக்கு,

இப்போதுதான் தூங்கி எழுந்தேன். உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும்.

நேற்று மத்தியானம் புயல் மழை. பாதை முழுக்க மரங்கள் சாய்ந்து எல்லா வண்டிகளும் அங்கங்கே நின்றுவிட்டன. நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. கம்ப்யூட்டர் பெண் மட்டும் "சற்று நேரத்தில்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. திடீரென்று யாரோ, வண்டி ஐந்தாவது நடைமேடைக்கு வருகிறது என்று கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இரண்டிலும் மூன்றிலும் இருந்த கூட்டம் அப்படியே மேம்பாலப் படிக்கு ஓடியது. ஐந்தில் வண்டியைக் காணாமல் திரும்பியவர்கள் மேலிருந்து இறங்க, இவர்கள் கீழிருந்து ஏற, படியின் நடுவில் அடைத்துக்கொண்டுவிட்டது.

கடுகு தொலைந்த பொருள் அறைக்கு ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "வாம்மா, மைக்கைப் பிடி" என்றார். ஓடினோம். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அஞ்சாம் பிளாட்பாரத்துக்கு வண்டி வந்துக்கிட்டிருக்கு, அவசரப்படாதீங்கன்னு சொல்லு."

"வந்துக்கிட்டிருக்கா சார்?"

"வரும்."

"எங்க நிக்குது?"

அவருக்குத் தெரியவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். வண்டி இரண்டு நிலையத்துக்கு அப்பால் நிற்கிறது, குறுக்கே மரம். எந்த நடைமேடை என்று முடிவாகவில்லை. அவர்களும் எனக்கு உண்மையைச் சொல்லப் பழகியிருந்தார்கள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

"சார், வந்தா எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ரெண்டு நிமிஷம்."

"அதனாலதான் ஓடறாங்க. எல்லாரும் ஏறுற வரைக்கும் நிக்கும்னா நான் சொல்றேன்."

"சொல்லிடு, யாரு வந்து கேக்கப் போறா?"

"சும்மா சொல்றதுக்கு இல்ல சார். நிஜமா நிக்கணும். இப்பவே பேசி வாங்குங்க. நீங்க அதை உண்மையாக்குங்க, அப்புறம் நான் சொல்றேன்."

என்னை முறைத்தார். வெளியே கூச்சல் சுவரைத் தாண்டிக் கேட்டது. போனைப் பிடுங்கினார், வெடித்தார் பார். இத்தனை வருடத்தில் முதன்முறையாக எங்களுக்காக வெடித்தார். "என் பேரைப் போட்டு எழுதிக்க. எல்லாரும் ஏறாம அந்த வண்டி நகரக் கூடாது" என்று கத்திவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பொத்தானை அமுக்கினேன்.

"பயணிகளே, இது உங்கள் பழைய அறிவிப்பாளர். நான் இருக்கும் அறையிலிருந்து உங்களைப் பார்க்க முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த வண்டியும் இப்போது வரவில்லை. அது இரண்டு நிலையத்துக்கு அப்பால் நிற்கிறது. ஐந்தாவது நடைமேடை என்று யாரும் சொல்லவில்லை. எந்த நடைமேடை என்று எனக்கே தெரியாது. தெரிந்ததும் சொல்வேன். நீங்கள் எல்லோரும் ஏறும்வரை வண்டி நிற்கும், இப்போதுதான் உறுதி வாங்கினோம். மேம்பாலத்தின் மேலே நிற்பவர்கள் யாரையும் தள்ள வேண்டாம். படியின் கீழே, கடைசியில் நிற்பவர்கள் மட்டும் பத்து அடி பின்னால் போங்கள்."

மறுபடி சொன்னேன். மறுபடி மறுபடி சொன்னேன். அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கூச்சல் குறைகிறதா, என் காது அடைத்துவிட்டதா என்றுகூடத் தெரியவில்லை. கடுகு வெளியே ஓடினார். திரும்பி வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "இறங்கிட்டாங்கம்மா" என்றார். மூன்று பேருக்குச் சிராய்ப்பு. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

பிறகு நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அக்கா


அக்டோபர் 18

அக்காவுக்கு,

நேற்று நான் உன் நிலையத்தில் இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வீட்டுக்கு வராமல், உன்னிடம் சொல்லாமல் அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம் என்று இருந்தேன். கேவலம்தான். ஓட்டத்தில் நானும் ஓடினேன், அடைத்துக்கொண்ட படியின் நடுவில் நானும் மாட்டிக்கொண்டேன். கை மேலே தூக்கியபடி நின்றுவிட்டது, கீழே இறக்க இடமில்லை. எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். மூச்சு வரவில்லை. இப்போது எனக்கு மயக்கம் வந்தால் விழக்கூட முடியாது, நின்றபடியே மிதிபடுவேன் என்று நினைத்தேன்.

அப்போது உன் குரல் வந்தது.

நீ ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருப்பவள். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன். முதல் வரிக்கே கூட்டம் ஒரு நொடி உறைந்தது. எனக்குப் பின்னால் ஒருவர், "இது அந்தம்மா" என்றார். இன்னொருவன், "அஞ்சுல வருதுன்னாங்களே" என்றான். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அந்தம்மா தெரியலைங்குது. அது தெரியலைன்னா தெரியலைதான். அது பொய் சொல்லாது."

கடைசியில் நிற்பவர்கள் பத்து அடி பின்னால் போங்கள் என்றாய். போனார்கள், அக்கா. தண்ணீர் வடிவது மாதிரி கீழே இருந்து இளகிக்கொண்டே வந்தது. முதலில் என் கை இறங்கியது. பிறகு அந்தப் பெண் குழந்தையை மார்பில் சாய்த்துக்கொண்டாள். ஆயிரம் பேர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு படி படியாகப் பின்னால் நடந்தார்கள். ஒரு போலீஸ் இல்லை, ஒரு கயிறு இல்லை. உன் சொல் மட்டும்தான் இருந்தது.

செயல் பின்னால் வரும் என்று உன் டீச்சர் சொன்னாளே, அவள் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தாய். அவளிடம் சொல். நான் பார்த்தேன்.

வண்டி வந்து, நீ சொன்ன மாதிரியே கடைசி ஆள் ஏறும்வரை நின்றது. அதற்கு முன் விசாரித்துக்கொண்டு உன் அறை வாசலுக்கு வந்தேன். உள்ளே நீ பேசிக்கொண்டிருந்தாய். கதவைத் தட்டக் கை போனது. தட்டவில்லை. வெட்கம். பக்கத்தில் நின்றிருந்த ஓர் ஆளிடம் மட்டும், "உள்ள இருக்கறது என் அக்கா" என்றேன். முதல் தடவை.

மீதிப் பாதிக் கோபமும் போய்விட்டது. உன் எண்ணைத் திறந்துவிட்டேன்.

தம்பி


நவம்பர் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வராமல் போனாயே என்று முதலில் உன்னைத் திட்டினாள். பிறகு படியின் இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். அதன் பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள், அங்கே ஒரு வேலையும் இல்லை.

டீச்சருக்கும் காட்டினேன். அன்று வகுப்பில் எல்லோரையும் கண்ணை மூடி உட்காரச் சொல்லிவிட்டு அவள் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

மைக் திரும்பக் கிடைத்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. பாதையில் உள்ள எல்லா நிலையங்களின் அறிவிப்பாளர்களையும் வரவழைத்து, என்னை ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். சிபாரிசு செய்தவர் கடுகு. என்ன எடுப்பது என்று ஒன்றும் தோன்றவில்லை. "எல்லாரும் ஒரு தடவை 'எங்களுக்குத் தெரியாது'ன்னு மைக்குல சொல்லுங்க" என்றேன். சிரித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து திணறினார்கள். இருபது வருடம் குரலாலேயே பேர் வாங்கிய ஒரு மனிதர், "எங்களுக்கு" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். தண்ணீர் குடித்தார். மறுபடி முயன்றார். கடைசியில் சொல்லிவிட்டு, "அப்பாடா" என்றார், மைக்கை அணைக்காமலே. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று நீ எழுதவில்லை. நான் போன் செய்து கேட்கலாம், இப்போது எண் திறந்திருக்கிறது. கேட்க மாட்டேன். நீயாகச் சொல்லும்போது சொல்.

அக்கா


நவம்பர் 19

அக்காவுக்கு,

இங்குள்ள நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி தாமதம்.

இப்போதுதான் அறிவிப்பு வந்தது. யாரோ ஒரு சின்னப் பெண்ணின் குரல். "வண்டி எப்போது வரும் என்று இப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவுடன் சொல்கிறோம்" என்றாள். கொஞ்சம் பயந்துகொண்டே சொன்னாள். உன் வகுப்புக்கு வந்தவளாகத்தான் இருக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போன் போட்டார். "கிளம்பலடி. எப்ப கிளம்பும்னு தெரியல. நீ சாப்பிட்டுப் படு" என்றார். அந்தப் பக்கம் ஒரு சண்டையும் இல்லை போலிருக்கிறது, உடனே வைத்துவிட்டார்.

டாக்டர் சொன்னதை எழுதுகிறேன். என் இதயம் சில நேரம் அடிக்க மறந்துவிடுகிறதாம். அதற்கு ஞாபகப்படுத்த ஒரு சின்னக் கருவியைத் தோளுக்குக் கீழே வைத்துவிட்டால் போதுமாம். இத்தனை நாள் மறைத்ததற்குக் காரணம் வேலை மட்டும் இல்லை. டாக்டர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம். வீட்டில் எல்லோரும் கேட்டபோதெல்லாம் வெயில், பசி, தூக்கமில்லை என்று சொன்னேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். நீ நர்ஸிடம் உண்மை சொன்னபோது வந்த கோபத்தில் பாதி அதனால்தான்.

குணமான பிறகு வேறு கம்பெனியில் கிரேனுக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். "எல்லாத்தையும் எழுதி விண்ணப்பிங்க, முடிவு அவங்களோடது. என் பங்குக்கு நான் எழுதித் தர்றேன்" என்றார். கிடைக்குமோ கிடைக்காதோ. மீசை கண்ணாடி போட்டுக்கொண்டு என் இடத்தில் சீட்டு ஒட்டுகிறான். ஒன்றுகூடத் தப்பவில்லையாம், பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன். பயமாக இருக்கிறது. முன்பு இந்த வரியை எழுதியிருக்க மாட்டேன். நீ லீவு போட்டுவிட்டு என்னோடு வா. டாக்டர் கேட்கும்போது நான் எதையாவது விழுங்கினால் நீ சொல்லிவிடு. என் எதிரில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே சொல்.

இதைத் தபாலில் போடவில்லை. கையில் கொண்டுவந்து தருகிறேன். இந்த முறை கதவைத் தட்டுவேன்.

உன் தம்பி